அவுரி வீட்டில், நீலம் கப்பலில்

அனிலீன் என்றால் பென்சீன் வளையத்தில் ஓர் அமைன் கூட்டம் என்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உயர்தர இரசாயனவியல் படிக்கிற பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்க யாரும் மினக்கெடுவதில்லை. அது வேறொன்றுமில்லை, நம் 'நீலம்'தான். வடமொழியும் தமிழும் பொதுவில் ஆளும் அந்தச் சொல் அரபியில் 'அந்நீல்' ஆகி, போர்த்துக்கேயர் வாயில் 'அனில்' ஆனது. 1840இல் பிரிட்ஷே என்ற இரசாயனவியலாளர் நீலக்கட்டியை எரிபொட்டாசுடன் காய்ச்சி வடித்தார். கிடைத்த எண்ணெய்க்கு 'அனிலின்' என்று பெயர் வைத்தார்.

நீலம் எடுக்கும் செடியின் பெயரான அவுரி இந்தப் பயணத்தில் சேரவில்லை. மருந்துச் சரக்காக வீட்டோடு நின்றுவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியும் மன்னாரும் சாய வணிகத்தில் பேர் எடுத்ததும் நீலத்தால் அல்ல. சிவப்புத் தரும் சாயவேரால்தான்.

உண்மையில் அவுரி இலையில் நீலமே கிடையாது. இந்திக்கன் என்றொரு பொருள்தான் இருக்கிறது. இலையை ஊறப்போட்டால் நொதியம் அதிலிருந்து குளுக்கோசைக் கழற்றிவிடும். மிஞ்சுகிற இந்தொட்சில், காற்றுப் பட்டதும் இரண்டிரண்டாகப் பொருந்தும். பொருந்துகிற இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு. எதீனின் நான்கு ஐதரசனையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு காபனிலும் ஒரு பக்கம் நைதரசன், மறுபக்கம் காபனைல் வைத்தது போன்ற அமைப்பு அது. நைதரசன் இரண்டும் ஐந்தணு வளையங்களுக்குள் அடங்கியிருக்கும். பிரதியீடு செய்த அற்கீனும் நைதரசன் வளையமும் ஒரே மூலக்கூறில்! நிறம் பிறப்பது அந்த நடுப்பகுதியில்தான்.

இந்த அமைப்பை 1883இல் கண்டு சொன்னவர் இரசாயனவியலாளர் பேயர். ஆய்வுகூடத்தில் நீலம் செய்யவும் அவருக்குத் தெரியும். மலிவாகச் செய்யத்தான் வழியில்லை. ஜெர்மனியின் பாஸ்ஃப் ஆலையில் நீலத்துக்கான மூலப்பொருளாக நப்தலீனைச் சல்பூரிக் அமிலத்தோடு சூடாக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வெப்பமானி உடைந்ததாம். உள்ளே கொட்டிய இரசம் சல்பேற்றாக மாறி, மந்தமாக நடந்த தாக்கத்தை விரட்டிவிட்டது. 1897இல் ஆலை நீலம் சந்தைக்கு வந்தது. வங்காளத்து அவுரித் தோட்டங்கள் படுத்தன. இரசம் செய்த வேலைக்குத் தமிழ்நாட்டார் 'வினையூக்கி' என்பார்கள். நமக்கு 'ஊக்கி' போதும். அதுவே வாய்க்கும் வசதி.

நீலம் தண்ணீரில் கரையாது. காரமும் தாழ்த்தும் கருவியும் சேர்ந்தால்தான் மஞ்சள் கலந்த பச்சைக் கரைசலாகித் துணிக்குள் இறங்கும். வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே நீலமாகும். அப்படிப்பட்ட காரம் வன்னியிலேயே உற்பத்தியானது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் எடுத்தது. போர் வந்து அதை மூடிவிட்டது.

இன்று பள்ளிச் சீருடைக்குப் போட 'நீலம்' என்று கேட்டு வாங்கும் தூள் பெரும்பாலும் அல்ட்ராமரைன். சோடியம், அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன், கந்தகம் சேர்ந்த பொருள் அது. அதில் அற்கீனும் இல்லை, நைதரசனும் இல்லை.