கடை வாசலில் நின்ற வணிகர்

ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சித் தலைமையை ஏற்றது 1933ஆம் ஆண்டு சனவரி 30ஆந் தேதியாகும். இரண்டு மாதங்கள் கழிந்த அளவில், ஏப்ரல் முதலாந் தேதி சனிக்கிழமை, யூத வணிகரைப் பகிஷ்கரிக்குமாறு நாஸிக் கட்சி நாடெங்கும் ஆணையிட்டது. அன்று காலை பத்து மணிக்குக் கபிலநிறச் சட்டையணிந்த படையினர் யூதருடைய கடைகளின் முன் காவல் நின்றனர். யூதரிடம் பொருள் வாங்காதீர் என்னும் அறிவித்தல்கள் எங்கும் காணப்பட்டன.

ரைன் நதிக்கரையிலே கொலோன் என்னும் பழம்பெரும் நகரம் உண்டு. அங்கே படுக்கைக்கு வேண்டிய பொருள்களை விற்றுவந்தார் றிச்சாட் ஸ்டேர்ன் என்னும் யூத வணிகர். முதலாம் உலகப் போரில் ஜேர்மனிக்காகப் போர்முனையில் நின்றவர். இரும்புச் சிலுவை என்னும் வீரப் பதக்கம் பெற்றவர். அவர் அன்று கடையைப் பூட்டி வீட்டினுள் ஒளிந்துகொண்டாரல்லர். பதக்கத்தை மார்பில் அணிந்து, காவல் நின்ற நாஸி வீரனுக்கு அருகே தம் கடை வாசலில் நின்றார். தாமே எழுதிய துண்டுப்பிரசுரம் ஒன்றையும் மக்களிடையே பரப்பினார்.

அப்பிரசுரத்தில் அவர் கூறியது யாது? போர்முனை வீரனை இழிவுபடுத்துவோர் தண்டிக்கப்படுவர் என்று ஆட்சியாளர் தாமே முழங்கியிருந்தனர். அவ்வாக்கை எடுத்துக்காட்டி, போரில் மடிந்த 12,000 யூத வீரரின் நினைவுக்கே இச்செயல் இழுக்கன்றோ என்று வினவினார். ஆள்வோர் சொல்லைக் கொண்டே ஆள்வோரை மடக்கிய திறம் அது.

பகிஷ்காரம் ஒரு நாளோடு நின்றது, கொடுமையோ நிற்கவில்லை. ஏப்ரல் 7ஆந் தேதி, யூதரை அரசாங்க உத்தியோகங்களினின்று நீக்கும் சட்டம் பிறந்தது. முதிய ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் வற்புறுத்தியமையால் போர்முனை வீரருக்கு விலக்களிக்கப்பட்டது. அவர் 1934இல் மறைந்தார். 1935இல் நூரம்பேர்க் சட்டங்கள் வந்தபின் அவ்விலக்கும் மறைந்தது. ஒருவனுடைய குடியுரிமை அவன் மார்பிலுள்ள பதக்கத்தைப் பொறுத்ததாகிவிட்டால், பதக்கம் அற்றவன் கதி என்னாவது? ஈற்றில் பதக்கமும் காக்கவில்லை என்பதே வரலாறு காட்டும் விடை.

1939இல் ஸ்டேர்ன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நாற்பது வயதைக் கடந்திருந்தும், 1942இல் அமெரிக்கப் படையிற் சேர்ந்தார். இத்தாலியப் போர்முனையில், உயிராபத்தையும் பொருட்படுத்தாது எதிரிகளை நோக்கி முன்சென்று, தம் தாய்மொழியாகிய ஜேர்மன் மொழியிலேயே பேசி அவர்களைச் சரணடையச் செய்தார். அவ்வீரச் செயலுக்கு அமெரிக்கா வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வழங்கியது. 1967இல் அவர் காலமானார்.

கொலோன் நகர வாசலில் அவர் எழுப்பிய குரல் ஹிட்லரைத் தடுக்கவில்லை என்பது உண்மையே. எனினும், அநீதி தன் முதலாவது அடியை எடுத்து வைத்த நாளிலேயே அதனை அநீதி என்று உரைத்தார் ஒருவர். பேசுவதற்கு வழியே இருக்கவில்லை என்று பின்னாளிற் சாக்குச் சொல்வோர்க்கு அவ்வாசற்படி மறுமொழி கூறும்.