நெருக்கடிக் காலங்களில் தனியார் சிறு வானூர்தி உடைமை

தனியார் சிறு வானூர்தி உடைமை என்பது தனிநபரோ, நிறுவனமோ, சங்கமோ தம் சொந்தப் பயன்பாட்டிற்காக இலகுரக வானூர்தி ஒன்றை வைத்திருந்து பராமரிப்பதைக் குறிக்கும். பொதுவாக 5,700 கிலோகிராமுக்கு மிகாத எடையுடன் மேலெழும் வானூர்திகள் இலகுரக வானூர்திகள் எனப்படுகின்றன. நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172 இவ்வகையில் நன்கு அறியப்பட்ட ஒன்றாகும். பொருளாதாரச் சரிவும் பெருந்தொற்றும் இவ்வுடைமையை ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. சரிவு உடைமையாளரின் வருவாயைத் தாக்குகிறது. பெருந்தொற்றோ பறப்பதையே தடுத்து, நிற்கும் வானூர்தியின் பொறியையும் கெடுக்கிறது. 2020 ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒருசேர நிகழ்ந்தன.

வரலாறு

சென்னையில் தனியார் வானூர்தியின் வரலாறு 1910 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு சென்னையில் விடுதி நடத்திவந்த ஜியாகோமோ டி'ஆஞ்செலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியுடன் தாமே ஒரு வானூர்தியை உருவாக்கிப் பறந்து காட்டினார்.

1918-19 இன் இன்புளுவென்சா பெருந்தொற்றுக் காலம் முதலாம் உலகப் போர் முடிந்த காலமும் ஆகும். அமெரிக்க இராணுவம் தேவைக்கு மிஞ்சிய கர்ட்டிஸ் ஜே.என்-4 பயிற்சி வானூர்திகளைச் சில நூறு டாலர்களுக்கு விற்றது. மலிவு விலையே அங்கு தனியார் உடைமையைப் பரவச் செய்தது. நெருக்கடிக் காலம் சிலருக்கு வாங்கும் வாய்ப்பாக அமைவதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு.

1929 இல் உலகப் பெருமந்தம் தொடங்கியது. அதையடுத்து 1930 இல் மெட்ராஸ் பறக்கும் கழகம் நிறுவப்பட்டது. தனியொருவரால் வாங்க இயலாத வானூர்தியைப் பலர் சேர்ந்து பயன்படுத்துவதே கழக முறையின் அடிப்படையாகும். மந்தம் நீடித்த வேளையில், 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா 'பஸ் மாத்' என்னும் சிறு வானூர்தியில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்ட் அவ்வஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். பொழுதுபோக்கிற்குரிய சிறு வானூர்தி, அஞ்சல் சுமந்து வருவாய் ஈட்டக்கூடியது என்பதை இப்பயணம் காட்டியது.

விடுதலைக்குப் பின் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனத்தின் புஷ்பக் (முதற்பறப்பு 1958), பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் ஹன்சா (முதற்பறப்பு 1993) ஆகிய இரண்டு இருக்கை வானூர்திகள் பறக்கும் கழகங்களைக் கருத்திற்கொண்டு உருவாக்கப்பட்டன.

உடைமைச் செலவின் இயல்பு

வானூர்திச் செலவுகள் இருவகைப்படும்.

நிலைச்செலவு: நிறுத்துமிட வாடகை, காப்புறுதி, ஆண்டுப் பரிசோதனை, கடன் வட்டி முதலியன. வானூர்தி பறக்காவிட்டாலும் இவை தொடரும்.

மாறும் செலவு: எரிபொருள், எண்ணெய், தரையிறங்கு கட்டணம், பொறிச் சீரமைப்பிற்கான ஒதுக்கீடு முதலியன.

நெருக்கடியின் விளைவை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஆண்டு நிலைச்செலவு 12 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 100 மணி நேரம் பறந்தால் ஒரு மணி நேரத்திற்கு 12,000 ரூபாய் ஆகும். முடக்கத்தால் 20 மணி நேரம் மட்டுமே பறக்க முடிந்தால் அது 60,000 ரூபாயாகும். பயன்பாடு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் மணிக்கான சுமை ஐந்து மடங்காகிறது. பறக்காமல் நிறுத்திவைப்பது சிக்கனம் அன்று என்பதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் வரியும் ஒரு தடையாகும். 2017 இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, சொந்தப் பயன்பாட்டு வானூர்திகளுக்கு 28 விழுக்காடு வரியும் 3 விழுக்காடு கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் இவ்வரி 40 விழுக்காடாக மாற்றப்பட்டது. பிஸ்டன் பொறிகளுக்கான ஏவ்கேஸ் எரிபொருளும் நெடுங்காலம் இறக்குமதி செய்யப்பட்டே வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 இல் உள்நாட்டில் தயாரித்த ஏவ்கேஸை அறிமுகப்படுத்தியது.

2008 சரிவும் 2020 பெருந்தொற்றும்

2007 இல் உலக அளவில் ஏறத்தாழ 2,700 பிஸ்டன் பொறி வானூர்திகள் விற்பனையாயின. 2008 நிதி நெருக்கடிக்குப் பின், 2009 இல் இந்த எண்ணிக்கை ஆயிரத்திற்கும் கீழே சென்றது. வங்கிக் கடன் கிடைக்காமையும், பங்குகளின் மதிப்பு வீழ்ந்தமையும் இதற்குக் காரணங்களாகும்.

2020 இல் நிலைமை வேறாக இருந்தது. வணிகத் தாரை வானூர்திகளின் விற்பனை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபோதும், பிஸ்டன் வானூர்திகளின் விற்பனை முந்தைய ஆண்டைவிட ஒரு விழுக்காட்டளவே குறைந்தது. வட்டி குறைவாக இருந்ததும், கூட்டமான பயணியர் விமானங்களைத் தவிர்க்கும் எண்ணமும் சிறு வானூர்திகளுக்குச் சாதகமாயின. அமெரிக்காவில் பழைய வானூர்திகளின் விலை உயரவும் செய்தது. வருவாயும் கடன் வசதியும் நிலைத்திருந்தால் பெருந்தொற்று தனியார் உடைமையைக் குறைக்காது என்பது இதனால் தெரிகிறது.

அம்பத்தூரும் சென்னைச் சூழலும்

சிறு வானூர்தி வாங்குவோரில் சிறு, நடுத்தரத் தொழில் முனைவோர் முக்கியமானவர்கள். சென்னையில் இத்தகைய தொழில்கள் செறிந்த இடங்களுள் 1964 இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை ஒன்று. இங்குள்ள பல பட்டறைகள் மோட்டார் வாகன உதிரிபாகங்களைத் தயாரிப்பவை. 2019 இல் இந்திய வாகன விற்பனை சரிந்தபோதே உதிரிபாகத் தொழில் பாதிக்கப்பட்டிருந்தது. எனவே 2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் முடக்கப்பட்டபோது, பல தொழில்கள் ஏற்கெனவே கையிருப்பு குறைந்த நிலையில் இருந்தன.

உள்நாட்டுப் பயணியர் விமானங்களும் அதே நாளில் நிறுத்தப்பட்டன. 2020 மே 25 அன்று அவை மீண்டும் பறக்கத் தொடங்கின. அன்றுதான் கிண்டி, அம்பத்தூர் உள்ளிட்ட சென்னைத் தொழிற்பேட்டைகள் 25 விழுக்காட்டுத் தொழிலாளர்களுடன் இயங்கவும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் 2020 சூன் 19 முதல் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் முழு முடக்கம் மீண்டும் வந்தது. கூலி, மின்கட்டணம், இயந்திரக் கடன் ஆகியவற்றுக்கே பணம் போதாத முனைவோருக்கு வானூர்தி முதலில் கைவிடவேண்டிய செலவாகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகத்து வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. எனினும் அக்காலத்திற்கும் வட்டி சேர்ந்ததால் சுமை தள்ளிப்போனதேயன்றி நீங்கவில்லை.

இடவசதியும் ஒரு காரணியாகும். அம்பத்தூருக்கு அருகில் தனியார் பயன்படுத்தத்தக்க நிலையம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீனம்பாக்கமே. அங்கு பயணியர் விமானங்களுக்கே முன்னுரிமை. வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று உண்டு. அது பிற்காலத்தில் மோட்டார் பந்தயங்களுக்கே பெயர்பெற்றது. அமெரிக்காவில் ஏற்பட்டதுபோன்ற தேவை இங்கு எழாமைக்கு நிலையங்களின் குறைவும் வரியும் காரணங்களாகும்.

நிறுத்திவைத்தலும் பாதுகாப்பும்

பறக்காமல் நிற்கும் பிஸ்டன் பொறிக்கு ஈரப்பதமே முதற்பகை. லைகமிங் பொறிகளில் கேம் தண்டு மேற்பகுதியில் உள்ளது. நாட்கள் செல்லச் செல்ல அதன்மீதுள்ள எண்ணெய்ப் படலம் வடிந்து உலோகம் துருப்பிடிக்கிறது. சென்னை போன்ற கடலோர நகரங்களில் உப்புக்காற்று இதனை விரைவுபடுத்தும். தரையில் சிறிது நேரம் பொறியை இயக்குவது தீர்வாகாது. எண்ணெய் போதிய வெப்பம் அடையாததால் ஈரம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். முறையாகப் பறத்தல், அல்லது காப்பு எண்ணெயும் ஈரமுறிஞ்சி அடைப்பான்களும் இட்டு நிறுத்துதல் ஆகிய இரண்டே ஏற்ற வழிகள்.

காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் பூச்சிகள் கூடு கட்டுவது மற்றொரு இடர். நிறுத்தத்திற்குப் பின் பறந்த வானூர்திகளில் வேகங்காட்டி பிழைபடுவது அதிகரித்துள்ளதாக ஐரோப்பிய ஒன்றிய வான்பாதுகாப்பு முகமை 2020 இல் எச்சரித்தது.

வானோடியின் திறனும் பயிற்சியின்றிக் குறையும். இந்தியக் குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2020 இல் உரிமங்களின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்தது. உரிமம் நீடித்தாலும் கைப்பழக்கம் நீடிப்பதில்லை. ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பின் பயிற்றுநருடன் பறந்த பின்னரே தனித்துப் பறப்பது பாதுகாப்பானது.

உடைமையாளர்களின் வழிகள்

விற்றல்: சரிவின் தொடக்கத்தில் வாங்குவோர் குறைவதால் விலை குறையும்.

பங்குடைமை: மூவர் அல்லது நால்வர் சேர்ந்தால் நிலைச்செலவு பகிரப்படும். வானூர்தி அடிக்கடி பறப்பதால் பொறியும் நலமாக இருக்கும்.

கழகத்தில் சேர்தல்: பறக்கும் மணி நேரத்திற்கு மட்டுமே பணம் செலுத்தினால் போதும்.

வாடகைக்கு விடுதல்: இந்தியாவில் தனியார் வகையில் பதிவான வானூர்தியைக் கட்டணத்திற்கு இயக்க இயலாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இவற்றுள் பங்குடைமையும் கழக முறையும் செலவு, பொறி நலம், வானோடியின் பழக்கம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் காக்கின்றன. பெருமந்தக் காலத்தில் சென்னையில் தொடங்கிய கழக முறை இன்றும் பொருத்தமாக இருப்பது குறிப்பிடத்தக்கது.