அனூப் குமார் யாமா

அனூப் குமார் யாமா ஹைதராபாத்தைச் சேர்ந்த ரோலர் ஸ்கேட்டிங் வீரர். வேகப் பந்தயங்களில் அல்ல, இசைக்கேற்பத் தாவியும் சுழன்றும் ஆடும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங்கில் பெயர் பெற்றவர். 2010 நவம்பரில் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். ஒன்று ஆடவர் தனிநபர் ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் கிடைத்தது. மற்றொன்று குஜராத் வீராங்கனை அவனி பஞ்சாலுடன் சேர்ந்து ஜோடிப் பிரிவில் பெற்றது. ரோலர் ஸ்கேட்டிங் ஆசிய விளையாட்டுக்குள் நுழைந்ததே அந்த ஆண்டில்தான். அதில் இந்தியாவுக்குக் கிடைத்தவை இந்த இரண்டு பதக்கங்கள் மட்டுமே. இரண்டிலும் யாமாவின் உழைப்பு இருந்தது.

ஜோடி ஸ்கேட்டிங் என்றதும் பனித்தரைதான் நினைவுக்கு வரும். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கிலேயே பனிச்சறுக்கு ஜோடிகளுக்குப் பதக்கம் இருந்தது. ஜெர்மனியின் அன்னா ஹ்யூப்லர், ஹைன்ரிக் பர்கர் இணை தங்கம் வென்றது. இந்தியாவில் அந்த வழி எளிதாகத் திறக்கவில்லை. தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக 2011இல் டேராடூனில் எழுந்த பனி அரங்கம் நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2025இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. எனவே இந்தியப் பிள்ளைகள் இந்தக் கலையைக் கற்க, சக்கரம் வைத்த ஸ்கேட்டே கைக்கெட்டும் கருவியாக இருந்தது. அதை ஏழைக்கேற்ற மாற்று என்று எண்ணிவிடக் கூடாது. ரோலர் ஆர்ட்டிஸ்டிக்குக்குத் தனி உலக சாம்பியன்ஷிப் உண்டு; 1947இலிருந்து அது நடந்துவருகிறது. ஒலிம்பிக்கில் மட்டும் அதற்கு இன்னும் இடமில்லை.

ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள் இருக்கும். முன்நுனியில் ரப்பர் தடுப்பு ஒன்று உண்டு. சில தாவல்களுக்கு அதை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். பனியில் மெல்லிய எஃகு விளிம்பு வழுக்கிக்கொண்டு போகும். தரையிலோ சக்கரத்தின் உராய்வு வேகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். போதாததற்கு, பனி ஸ்கேட்டைவிட இது கனமானது. அந்தக் கனத்தையும் சேர்த்தே ஆண் தன் இணையைத் தலைக்கு மேல் தூக்கி, நிற்காமல் சுழன்றபடி நகர வேண்டும். பிடி ஒரு விரல்கிடை தவறினாலும் விழுவது மேலே இருப்பவர். விழும் தரையும் கெட்டித் தரை.

தூக்கல் ஒரு பகுதிதான். ஆண் வீசிவிட, பெண் காற்றில் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கும் வீச்சுத் தாவல் இருக்கிறது. ஆண் ரப்பர் நுனியை ஊன்றி அச்சாக நிற்க, அவர் கையைப் பிடித்தபடி பெண் தரையோடு தரையாகச் சாய்ந்து வட்டமிடும் சுழல் இருக்கிறது. இருவரும் அருகருகே ஒரே தாவலை ஒரே நொடியில் தாவி ஒரே நொடியில் இறங்கவும் வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் நடுவரின் கண்ணுக்குத் தப்பாது. குவாங்சோ காலத்தில் நுட்பத்துக்குத் தனியாகவும் கலைநயத்துக்குத் தனியாகவும் பத்துக்கு மதிப்பெண் வழங்கினார்கள். பின்னாளில் வந்த ரோல்ஆர்ட் முறையில் ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் தூக்கலுக்கும் தனி மதிப்பு உண்டு.

தனிநபர் ஆட்டத்தில் தடுமாறினால் வீரர் தானே சமாளித்துக்கொள்ளலாம். ஜோடியில் அந்தச் சலுகை இல்லை. யாமா ஹைதராபாத்காரர், பஞ்சால் குஜராத்காரர். வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த இருவரின் மூச்சும் கால்வீச்சும் ஒன்றாக வேண்டியிருந்தது. ஒரே போட்டித் தொடரில் தனியாட்டத்துக்கும் சேர்ந்தாட்டத்துக்கும் உடலைத் தயாராக வைத்திருந்ததே யாமாவின் சாதனைகளில் முதலாவதாகச் சொல்லத்தக்கது. ஜோடிப் பதக்கம் தனிநபர் பதக்கத்துக்கு எள்ளளவும் இளைத்ததல்ல. அதில் பாதி பஞ்சாலுடையது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

2015இல் யாமாவுக்கு அர்ஜுனா விருது அறிவிக்கப்பட்டது. அவர் பதக்கம் வென்றபோது ஹைதராபாத் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகரம். விருது வந்தபோது தெலங்கானாவின் தலைநகரம். கிரிக்கெட்டின் ரோகித் சர்மா, ஜிம்னாஸ்டிக்ஸின் தீபா கர்மாகர், வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் ஆகியோரும் அதே ஆண்டின் பட்டியலில் இருந்தனர். அந்தப் பெயர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்த அளவுக்கு யாமாவின் பெயர் தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது.

போட்டி அட்டவணையும் துணைநிற்கவில்லை. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங்கே இல்லை. 2018 ஜகார்த்தாவில் சாலை வேகப் பந்தயமும் ஸ்கேட்போர்டும் மட்டும் இருந்தன. இந்தியாவுக்கு அடுத்த பதக்கங்கள் 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோவில் கிடைத்தன. 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஆடவர், மகளிர் இரு அணிகளும் வெண்கலம் வென்றன. தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார், ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் அவற்றில் ஓடினர். ஆனந்த்குமார் 2025இல் உலக சாம்பியனும் ஆனார். இந்த வெற்றிகளெல்லாம் வேகப் பிரிவின் வெற்றிகள். தருமபுரி போன்ற மாவட்டங்களிலும் ஸ்கேட்டிங் கற்கும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது சிமென்ட் தளமும் வேகப் பயிற்சியும்தான். தூக்கலும் சுழலும் சொல்லித்தரத் தேர்ந்த ஆசிரியரும் வழுவழுப்பான உள்ளரங்கத் தரையும் வேண்டும். ஆசிய விளையாட்டின் ஜோடி ஸ்கேட்டிங்கில் இந்தியா பெற்ற ஒரே பதக்கமாக, 2023 ஹாங்சோ போட்டிக்குப் பிறகும் யாமா, பஞ்சால் இணையின் வெண்கலமே நீடித்தது.