மலைகளின் மேல் போர் விமானங்கள்: பாகிஸ்தானின் எப்-16 தரும் பாடம்

ஒரு முஸ்லிம் நாடு நவீன போர் விமானங்களை வாங்குகிறது என்ற செய்தி வந்தால் நம்மில் பலர் பெருமைப்படுகிறோம். அந்த விமானங்கள் பின்னர் எங்கே, யார் மீது பயன்படுத்தப்பட்டன என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பாகிஸ்தானின் எப்-16 விமானங்கள் இதற்குத் தக்க உதாரணமாகும்.

சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் இருந்த காலத்தில், 1981 இல் 40 எப்-16 விமானங்களை விற்க அமெரிக்கா இணங்கியது. அணுவாயுத விவகாரத்தால் 1990 இல் பிரஸ்லர் திருத்தச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, பணம் செலுத்தப்பட்ட 28 விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2001 க்குப் பின்னர் நிலைமை மாறியது. 2006 இல் 18 புதிய விமானங்களுக்கு உடன்பாடு ஏற்பட்டு, 2010 இல் அவை வரத் தொடங்கின. அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று கிளர்ச்சி ஒழிப்பு.

ஆனால் எப்-16 வானில் எதிரி விமானங்களுடன் மோதுவதற்கென உருவாக்கப்பட்டது. பஜவுர், வசீரிஸ்தான் போன்ற பகுதிகளிலோ ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும் குகைகளும் மண்சுவர் வீடுகளுமே உள்ளன. அதிவேகத்தில் பறக்கும் விமானிக்குப் போராளி யார், விவசாயி யார் என்று தெரியாது. 2008 இல் பஜவுரில் இலக்குகளைக் கண்டறிய கூகுள் ஏர்த் படங்களே பயன்பட்டன. அகச்சிவப்புக் கருவிகள் பிறகே கிடைத்தன.

இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பொதுமக்களே. 2009 இல் ஸ்வாத் மற்றும் அதனை அண்டிய பகுதிகளிலிருந்து இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். 2010 ஏப்ரலில் திராஹ் பள்ளத்தாக்கில் நடந்த விமானத் தாக்குதலில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அரசுக்கு ஆதரவான கோத்திரத்தைச் சேர்ந்த அம்மக்களிடம் அப்போதைய இராணுவத் தளபதி கயானி மன்னிப்புக் கோர நேர்ந்தது. 2014 ஜூனில் வட வசீரிஸ்தானில் ஆரம்பமான நடவடிக்கையினால் மேலும் பல இலட்சம் பேர் வீடிழந்தனர்.

குண்டுவீச்சு கிளர்ச்சியாளரைச் சிதறடித்தது உண்மை. எனினும் ஒரு பள்ளத்தாக்கை மீட்பது வேறு, அங்கே நீதியை நிலைநாட்டுவது வேறு. 1901 இல் பிரித்தானியர் கொண்டுவந்த, ஒருவரின் குற்றத்துக்குக் கோத்திரத்தையே தண்டிக்கும் எல்லைப்புறச் சட்டம் 2018 வரை அம்மக்கள் மீது நீடித்தது. 2021 இல் காபூல் தலிபான்களின் கைக்கு மாறிய பின்னர் பாகிஸ்தானில் தாக்குதல்கள் மீண்டும் அதிகரித்தன.

பெண்கள், சிறுவர்கள், முதியவர்கள் மீது கைவைக்க வேண்டாம் எனப் படையினருக்கு உபதேசித்து அனுப்பியவர் கலீபா அபூபக்கர் (ரழி) அவர்கள். பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து வீசப்படும் குண்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆகவே எத்தனை விமானங்கள் வாங்கப்பட்டன என்பதோடு, அவற்றின் கீழே வாழும் மக்களுக்குப் பாடசாலையும் நீதிமன்றமும் கிடைத்தனவா என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.