பக்கவாதத்திற்குப் பின் நோயெதிர்ப்புச் செல்கள்: ஒரு கருத்தின் வரலாறு

முன்னுரை

மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதால் உண்டாகும் பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் மலைவழியிலுள்ள நாட்றாம்பாளையம் போன்ற ஊரினர்க்கு அந்நேரம் பயணத்திலேயே கழிந்துவிடக்கூடும். ஆதலால், பின்வரும் வாரங்களில் மூளை எவ்வாறு தேறுகிறது என்பது இன்றியமையாத வினாவாகிறது. அத்தேறுதலில் நோயெதிர்ப்புச் செல்களின் பங்கு குறித்த கருத்து மாறிவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

விலகி நிற்கும் மூளை

அயல்பொருளை விழுங்கும் செல்களை 1882இல் நட்சத்திர மீனின் இளவுயிரியில் கண்ட மெச்னிகாஃப், 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளைக்கே உரிய விழுங்கு செல்களுக்கு 1919இல் ரியோ ஒர்த்தேகா ‘மைக்ரோகிளியா’ எனப் பெயரிட்டார். எனினும், முயலின் மூளையில் ஒட்டிய அயல்தோல் எளிதில் நிராகரிக்கப்படாததை 1948இல் மெடவார் காட்டியபின், மூளை நோயெதிர்ப்பிலிருந்து விலகி நிற்பது என்னும் எண்ணமே வலுப்பெற்றது.

தடுக்கும் முயற்சி

பக்கவாதத்தின்போது மூளைக்குள் நுழையும் வெள்ளணுக்கள் சேதத்தைப் பெருக்குகின்றன என்பது விலங்காய்வுகளில் தெரியவந்தது. அந்நுழைவைத் தடுக்க, எலியிலிருந்து பெறப்பட்ட ‘என்லிமோமாப்’ என்னும் எதிர்ப்பொருள் 625 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2001இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோருள் 22.2 விழுக்காட்டினரும் போலிமருந்து பெற்றோருள் 16.2 விழுக்காட்டினரும் இறந்தனர். எலிப்புரதமே அழற்சியைத் தூண்டியிருக்கலாம் என்பதால், இத்தோல்வி மட்டும் கருத்தைப் பொய்ப்பிக்காது. ஆயினும், மனித எதிர்ப்பொருளை ஒத்ததாக மாற்றியமைக்கப்பட்ட ‘நட்டாலிசுமாப்’ மருந்தும் மூளைச் சேதம் பரவுவதைக் குறைக்கவில்லை என 2017இல் அறியப்பட்டது.

சீர்செய்யும் செல்கள்

இதற்கிடையே, ஒழுங்குபடுத்தும் டி செல்களை நீக்கிய சுண்டெலிகளில் பக்கவாதச் சேதம் மிகுவதை 2009இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். அச்செல்கள் வாரங்கள் கழிந்தபின் மூளையில் திரண்டு, நரம்புச் செயற்பாடு மீள உதவுவதை 2019இல் ஜப்பானிய ஆய்வு நிறுவியது. இவை சுண்டெலிச் சான்றுகளே. மனிதர்க்குரிய மருந்தாக இன்னும் கனியவில்லை.

முடிவுரை

‘நோயெதிர்ப்பு நன்றா, தீதா’ என்ற வினா, ‘எச்செல், எப்போது’ என மாறியதே இவ்வரலாற்றின் சாரம். தேறுதல் முதல் நாளோடு முடிவதன்று, வாரங்களாகத் தொடர்வது. கிருட்டிணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் 05.08.2021 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டுசெல்வதன் பொருத்தத்தை இவ்வகையில் உணரலாம். மலைக்கிராமத்தார்க்கு, தவறிய நாலரை மணி நேரத்திற்குப் பின்னும் செய்யவேண்டிய மருத்துவம் எஞ்சியுள்ளது.