நகலில் வந்த கோளாறும் வராமல் போன நுட்பமும்

மலர்க் குழுவினர் "வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று கேட்டதும், ராஜா ராணி கதையெல்லாம் நமக்கு எங்கே எழுத வரும் என்று தயங்கினேன். பிறகுதான் தோன்றியது, இயந்திரத்துக்கும் வரலாறு உண்டே! அதிலும் கோளாறுகளின் வரலாறு இன்னும் சுவையானது. அந்த வகையில், கருமருந்து போட்டுச் சுடும் பழைய ரிவால்வரையும் அதன் இன்றைய நகலையும் கொஞ்சம் பார்ப்போம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொட முடியாத சங்கதி இது. ஆகவே சுடுவதை வெளிநாட்டு கிளப்காரர்களிடம் விட்டுவிட்டு, நாம் பொறியை மட்டும் கவனிப்போம்.

அந்த ரிவால்வருக்குப் பித்தளைத் தோட்டா கிடையாது. சுழலும் சிலிண்டரின் அறைகளில் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்தித் திணிக்கணும். பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்னக் குழாய், அதன் தலையில் ஒரு செம்புக் கேப்பு. தீபாவளிக்குச் சின்னப் பசங்க சுடுகிற பொட்டுக் கேப்புக்குத் தூரத்து உறவு! சுத்தியல் அதில் அடித்தால் தீப்பொறி உள்ளே பாய்ந்து மருந்து வெடிக்கும்.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் இதற்கு 1836ல் காப்புரிமை பெற்றார். நியூஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி 1842ல் இழுத்து மூடியாச்சு. மெக்சிகோ போரின்போது கேப்டன் சாமுவேல் வாக்கர் என்ற வீரர் வந்து யோசனை சொல்ல, ராணுவம் 1847ல் 1,000 ரிவால்வர் கேட்டது. கையில் தொழிற்சாலை இல்லாத கோல்ட், கனெக்டிகட்டில் எலி விட்னி ஜூனியரின் ஆலையில் அவற்றைச் செய்து கொடுத்தார். அதுதான் 'வாக்கர்' மாடல். எடை சுமார் 2 கிலோ! ஓர் அறையில் 60 கிரெயின், அதாவது 4 கிராமுக்குச் சற்றே குறைவான மருந்து பிடிக்கும்.

விளைவு? பல சிலிண்டர்கள் வெடித்தே போச்சு. எதிரியைச் சுடப் போனவன் கையிலேயே வெடித்தால் அவன் கதி என்ன? இன்னொரு தொல்லையும் இருந்தது. சுட்ட அதிர்ச்சியில் அடியில் இருக்கும் நெம்புகோல் நழுவிக் கீழே தொங்கும். அதோடு சேர்ந்த திணிக்கும் தண்டு அறைக்குள் புகுந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். 1848ல் வந்த 'டிராகூன்' மாடலில் சிலிண்டரைக் குட்டையாக்கி, மருந்தை 50 கிரெயினாகக் குறைத்து, நெம்புகோலின் நுனியில் ஒரு கொக்கியும் போட்டார்கள்.

இனி நகலுக்கு வருவோம். இத்தாலியில் பிரெஷ்யா நகருக்கு அருகே கார்தோனே என்ற ஊர் இருக்கிறது. பெரெட்டா கம்பெனியின் ஊரும் அதுதான். 1950களின் இறுதியில் வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்க வியாபாரி அங்கே போய், கோல்ட்டின் 1851 'நேவி' மாடலைப் புதிதாகச் செய்யச் சொன்னார். 1861ல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஆல்டோ உபெர்ட்டி 1959ல் தொடங்கிய பட்டறை இப்படித்தான் வளர்ந்தது. இன்று உலகெங்கும் பழைய பாணியில் சுடுபவர்கள் கையில் பெரும்பாலும் இத்தாலிய நகல்கள்தான்.

வேடிக்கை என்னவென்றால், நகலில் கோளாறும் நகலாகியே வந்தது! வாக்கர் நகலைச் சுட்டாலும் நெம்புகோல் தொங்குகிறது. தோல் வாரால் கட்டி வைத்துக்கொண்டு சுடுகிறார்கள். வெடித்த கேப்பின் செம்புத் துணுக்கு சுத்தியலுக்கு அடியில் விழுந்து பொறி சிக்கிக்கொள்கிறது. அதனால் சுத்தியலை இழுக்கும்போது குழலை வானம் பார்க்கத் தூக்குகிறார்கள். ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்கும் தாவி இரண்டு மூன்று ஒரேயடியாக வெடிக்கும் 'சங்கிலி வெடி'யும் உண்டு. அறையை விடச் சற்றே பெரிய குண்டைத் திணித்து, அதன் ஓரம் ஈய வளையமாகச் சீவப்பட்டு வந்தால்தான் முன்வாய் சரியாக அடைபட்டது என்று அர்த்தம். பின்னால் கேப்பும் இறுக்கமாக உட்காரணும்.

அடுத்து கசடு. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். (அந்த வெடியுப்பு நம் பீகார் பக்கத்து மண்ணிலிருந்து போனது. 1861ல் லாமோ டூ பான்ட் லண்டனுக்குப் போய் வாங்கியதும் இந்தியச் சரக்கே!) எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகத் தங்கிவிடும். சில சுற்றுகளிலேயே சிலிண்டர் தன் நடு அச்சில் இறுகும். கோல்ட் அந்த அச்சில் திருகு போல வரி வெட்டி, கொழுப்பு தங்க வழி செய்திருந்தார். பெட்ரோலிய எண்ணெய் போட்டால் கசடு தார் மாதிரி ஆகிவிடுகிறது. கடைசியில் இன்றைக்கும் மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும்தான் கைகொடுக்கிறது!

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கோளாறுகள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நுட்பம் மட்டும் சில நகல்களில் வராமல் போச்சு. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கோல்ட் ரிவால்வருக்கு மேல்பட்டை கிடையாது. நடு அச்சின் முனை குழல் பகுதியில் உள்ள துளைக்குள் நுழையும். குறுக்கே ஓர் ஆப்பு அடித்தால் எல்லாம் ஒன்றாக நிற்கும். அசலில் அச்சின் முனை துளையின் அடியைப் போய் முட்டும். ஆகவே ஆப்பை எவ்வளவு இறுக்கினாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி மாறாது. சில நகல்களில் அச்சு ஒரு மயிரிழை குட்டை, அடியைத் தொடுவதில்லை. ஆப்பை இறுக்கினால் குழல் பின்னால் வந்து சிலிண்டரைப் பிடித்துவிடும். தளர்த்தினால் சுடச்சுடக் குழல் ஆடும். துளையின் அடியில் மெல்லிய எஃகு வில்லை ஒன்றைப் போட்டால் தீர்ந்தது கோளாறு. ஆனால் அந்த முட்டுதல் எதற்கு என்று புரிந்தவனுக்குத்தானே வில்லை போடத் தோன்றும்?

தம்பி, தங்கைகளே! பழைய பாகத்தைக் கொண்டுபோய், "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க" என்று கேட்பது நம் ஊர்ப் பட்டறைகளில் தினமும் நடப்பதுதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் வெர்னியர் காலிப்பர் அளவைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஒவ்வொரு வரிக்கும் கொக்கிக்கும் பின்னால் எவனோ ஒருவன் பட்ட பாடு இருக்கிறது. அளவு எடுக்கும் முன் "இது எதுக்கு இங்கே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் கிடைக்காத பாகத்தை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.