முதல் ‘கே’ யாருடையது?

கேகேடி நிபந்தனைகள் என்று பொறியியல் வகுப்பில் மனப்பாடம் செய்திருப்போம். கடைசி இரண்டு எழுத்துகள் ஹெரால்ட் கூன், ஆல்பர்ட் டக்கர். முதல் எழுத்துக்காரரைப் பற்றி அங்கே யாரும் பேசினதில்லை.

அவர் வில்லியம் கரூஷ். 1939-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேடு எழுதினார். ‘இதற்கு மேல் போகக்கூடாது’ என்ற மாதிரி வரம்புகள் இருக்கும்போது சிறும மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. விடை சரி. ஆனால் அது அச்சேறவில்லை.

அப்போது சிகாகோ மாறுபாட்டு நுண்கணிதத்தின் கோட்டை. அங்கே தேடுவது எண்ணை அல்ல, முழுப் பாதையை: குண்டு எந்த வளைவில் உருண்டால் சீக்கிரம் கீழே வரும்? வரம்புகளோடு பாதை தேடும் கணக்கை 1937-லேயே ஃபிரெடரிக் வாலண்டைன் அங்கே ஆராய்ந்துவிட்டார். சில எண்களை மட்டும் தேடிய கரூஷின் கணக்கு அவர்களுக்குச் சின்னதாகத் தெரிந்தது.

1947 அக்டோபரில் ஜார்ஜ் டான்ட்ஸிக் பிரின்ஸ்டனில் ஜான் வான் நாய்மனைச் சந்தித்தார். இருமை என்ற கருத்தை அங்கேதான் கேட்டார். செலவைக் குறைக்கும் கணக்குக்கு ஓர் இரட்டை உண்டு. ‘செலவு இதற்குக் கீழே இறங்காது’ என்று அது அடியிலிருந்து ஏறி வரும். இரண்டும் சந்தித்தால் அதுதான் விடை.

1951-இல் கூன், டக்கர் கட்டுரை வந்தது. கரூஷின் நிபந்தனைகளை அவர்கள் தனியாகவே கண்டடைந்திருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நோக்கங்களையும் அதிலேயே தொட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1967-இல் மாண்டும் ஹான்சனும் இருமையை மாறுபாட்டுக் கணக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். 1992-இல் பெக்டரும் ஹுசைனும் பல நோக்கங்களையும் சேர்த்தார்கள். ரயில் வேகமாகவும் போகணும், மின்சாரமும் மிச்சமாகணும் என்றால் ஒரே சிறந்த பாதை கிடைக்காது. அங்கே இரட்டை சொல்வது வேறு: ஒரு நோக்கத்தில் என் மதிப்பை முந்தினால் இன்னொன்றில் பின்தங்கித்தான் ஆகணும். கரூஷைச் சின்னதாகக் காட்டிய துறைக்கே அந்த நிபந்தனைகள் கருவியாகத் திரும்பிப் போயின.

1970-களில் ஒரு நூலின் வழியாகக் கூனுக்குக் கரூஷின் ஆய்வேடு தெரியவந்தது. 1975-இல் அவரே கரூஷுக்குக் கடிதம் எழுதினார்; அடுத்து எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் முன்னுரிமை கரூஷுக்கே என்று பதிவு செய்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தன் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயரை அவரே வைத்தார்.